தொகை கேட்டால் தேதி சொன்னவர்

எங்கள் கடைக்கு ஒரு பார்ட்டி இருந்தார். ஈரோட்டில் துண்டு, லுங்கி, போர்வை மொத்த வியாபாரம் எங்களுடையது. நான் அங்கே பதினேழு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். அந்தப் பார்ட்டிக்குத் தெற்கே ஒரு ஊரில் சில்லறைக் கடை. திங்கள் ராத்திரி சந்தைக்கு வந்தால் செவ்வாய் காலையில் எங்கள் கடையில் டீ குடிக்காமல் பஸ் ஏற மாட்டார். நல்ல மனுஷர், பேச்சில் ஒரு குழைவு இருக்கும்.

2022 தீபாவளி முடிந்த சமயம். எங்கள் முதலாளிக்கு எழுபது தாண்டிவிட்டது. கம்ப்யூட்டர் திரையை நம்ப மாட்டார், பேரேட்டைப் பிரிண்ட் எடுத்துத்தான் பார்ப்பார். அன்றைக்கு அந்தப் பார்ட்டியின் பக்கத்திலேயே விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பழைய பில்லைக் கட்டறான், சரி. எப்பக் கட்டறான் பாத்தியா தம்பி? புது லோடு எடுக்கறதுக்கு முந்தின நாள். வித்த காசுல கட்டலை இவன். அடுத்த சரக்கு வேணும்னு கட்டறான்."

நான் அதைக் கவனிக்கவே இல்லை. பாக்கியை 30 நாள், 60 நாள், 90 நாள் என்று பிரித்து மாதாமாதம் ஒரு பட்டியல் போடுவேன். அவர் பெயர் 60 நாளைத் தாண்டியதே கிடையாது. என் பட்டியல்படி அவர் தங்கமான பார்ட்டி.

"போன் போட்டு மொத்தம் எவ்வளவு தரணும்னு அவன் வாயால சொல்லச் சொல்லு. எப்பத் தருவேன்னு கேக்காதே."

போட்டேன். "12ஆம் தேதி நாப்பதாயிரம் போட்டுடறனுங்க" என்றார். "அது சரிங்கண்ணா, மொத்தமா உங்க கணக்குல எவ்வளவு காட்டுதுங்க?" என்றேன். "25ஆம் தேதி இன்னொரு முப்பது. பொங்கலுக்கு முன்னாடி எல்லாம் கிளியர் பண்ணிடலாமுங்க." மூன்றாவது தடவையும் கேட்டபோது குரல் லேசாக மாறியது. "ஏனுங்க, நம்ம மேல நம்பிக்கை இல்லீங்களா?"

அவர் என்ன சொன்னார் என்று முதலாளி கேட்கவே இல்லை. "சரக்கை நிறுத்து" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

நானும் டப்பாவைத் திறந்தேன். அப்போது போனில் ஒரு குறுஞ்செய்தி: கார்டு பாக்கி, 12ஆம் தேதிக்குள் கட்டவும். சோற்றில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். என்னிடம் யாராவது மொத்தம் எவ்வளவு என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? 2ஆம் தேதி பைக். 3ஆம் தேதி சீட்டு. 5ஆம் தேதி வங்கிக் கடன். 7ஆம் தேதி நகை வட்டி. 12, 18 இரண்டு கார்டு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தொகை? நாலு லட்சம் இருக்கும். நாலரை இருக்கலாம்.

அன்றைக்கே திருந்தினேன் என்று எழுதத்தான் ஆசை. ஏழு மாதம் ஆயிற்று. நடுவில் டிசம்பரில், மாதம் 5,000 வீதம் கட்டும் ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டை மூன்றாவது மாதமே 28,000 தள்ளி எடுத்தேன். கையில் வந்த 72,000-ல் பள்ளிக்கூடக் கட்டணம் போக மீதியைக் கார்டில் கட்டினேன். மார்ச்சில் கார்டு மறுபடி நிரம்பியிருந்தது.

கடன் எப்படி வந்தது என்பதில் சுவாரசியம் ஒன்றும் இல்லை. குடியோ சீட்டாட்டமோ கிடையாது. 2021 கடைசியில் அம்மாவுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள், காப்பீட்டுக்கு மேல் ஆன செலவுக்கு வங்கியில் நான்கு லட்சம் வாங்கினேன். அடுத்த வருடம் அக்கா மகளுக்குச் சீர். எங்கள் பக்கம் தாய்மாமன் சீர் என்றால் தட்டுகளை எண்ணுவார்கள், எண்ணியதை இருபது வருடம் ஞாபகம் வைத்திருப்பார்கள். மனைவியின் ஒன்பது பவுனை அடகு வைத்து, அக்கா மகளுக்கு ஒன்றரைப் பவுனில் சங்கிலி போட்டேன். இப்போது எழுதும்போதுதான் அது எவ்வளவு அபத்தமான வாக்கியம் என்று தெரிகிறது. அன்று மண்டபத்தில் எல்லாரும் பாராட்டினார்கள்.

இதெல்லாம் கடன் வாங்கிய கதை. கடன் கைமீறிய கதை வேறு. முதலாவதற்குக் காரணம் சொல்ல முடியும். இரண்டாவது சத்தமில்லாமல் நடந்தது, நடந்தபோது நான் பக்கத்திலேயே இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

நகையைச் சொல்கிறேன். தனியார் ஃபைனான்சில் 2,40,000-க்கு வைத்திருந்தேன், மாத வட்டி ஒன்றரை ரூபாய். அதாவது மாதம் 3,600. காலையில் பேப்பரில் தங்கம் விலை ஏறியிருந்தால் எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. நகை வாங்கப் போகிறவன் வருத்தப்படுவான், நகை வைத்திருப்பவன் சந்தோஷப்படுவான், அது இயல்பு. என் சந்தோஷம் அந்த வகை இல்லை. விலை ஏறினால் அதே நகையின் மேல் இன்னும் கொஞ்சம் வாங்கலாம். நகை மதிப்பில் முக்கால் பங்கு வரை கடன் தரலாம் என்பது அப்போதைய விதி. கிராமுக்கு 100 ரூபாய் ஏறினால் 72 கிராமுக்கு எனக்கு எவ்வளவு கிடைக்கும் என்று பஸ்ஸில் நின்றுகொண்டே மனக்கணக்குப் போட்டிருக்கிறேன். கடனை வருமானமாக எண்ணத் தொடங்கிய நாள் எது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த பஸ் பயணங்களில் அது ஏற்கெனவே நடந்துவிட்டிருந்தது.

கார்டு கம்பெனியிலிருந்து 'உங்கள் வரம்பு உயர்த்தப்பட்டுள்ளது' என்று செய்தி வந்தபோதும் அதே குளிர்ச்சி. சம்பள உயர்வு வந்த மாதிரி வீட்டுக்கு ஜிலேபி வாங்கிப் போனேன். கார்டில்தான்.

கார்டின் கணக்கை ஒரு கணக்குப்பிள்ளை பார்க்காமல் இருந்தது வெட்கக்கேடு, ஆனால் உண்மை. பெரிய கார்டில் 1,10,000 பாக்கி. மாதம் மூன்றரை சதவீதம் வட்டி, அது 3,850. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 693. ஆக 4,543. குறைந்தபட்சத் தொகை என்று பில்லில் பெரிதாகப் போட்டிருக்கும் 5,500-ஐ நான் ஒழுங்காகக் கட்டுவேன். குறைவது 957 ரூபாய். அந்த மாதம் அதே கார்டில் இரண்டு தடவை பெட்ரோல் போட்டால் அதுவும் போச்சு. பாக்கி வைத்திருப்பவனுக்குப் புதிதாகத் தேய்க்கும் தொகைக்கும் அன்றிலிருந்தே வட்டி ஓடும். 45 நாள் வட்டியில்லா அவகாசம் என்பதெல்லாம் முழுதாகக் கட்டுகிறவர்களுக்கு. சம்பளப் பணம் தவணைக்குப் போவதால் அரிசி பருப்புக்குக் கார்டு. அரிசி பருப்பு கார்டில் போவதால் அடுத்த மாதம் தவணை அதிகம். இப்படியே சுற்றும்.

அப்புறம் ஒரு கார்டால் இன்னொரு கார்டை அடைக்கும் வித்தை. நேரடியாக முடியாது. வாடகை கட்டுவதாகக் காட்டி ஒரு செயலி வழியாக நண்பன் கணக்குக்குக் கார்டிலிருந்து அனுப்பி, அவன் எனக்குத் திருப்பி அனுப்புவான். அதற்கும் ஒரு கட்டணம். எங்கள் பார்ட்டி புது லோடு எடுக்கப் பழைய பில் கட்டினாரே, அதைவிட இது கேவலம். அவரிடம் சரக்காவது இருந்தது.

இத்தனைக்கும் நான் ஒரு தவணைகூடத் தவறியதில்லை. வங்கிக்கும் எங்கள் கடைப் பட்டியல் மாதிரிதான், 90 நாள் தவறினால் வாராக்கடன். நான் ஒரு நாள் தவறவில்லை. சிபில் மதிப்பெண் 712. 900-க்கு 750 இருந்தால் பிரமாதம் என்பார்கள், 712 மோசமில்லை. அந்த எண்ணைப் பார்த்து நான் நிம்மதியடைந்தேன். ஒருவன் கட்டுகிறானா என்பதைத்தான் அது பெரும்பாலும் பார்க்கிறது. எதை விற்று, யாரிடம் வாங்கி, எதைச் சாப்பிடாமல் கட்டுகிறான் என்பது அதற்கு எப்படித் தெரியும்? மச்சானிடம் வாங்கிய கைமாத்து அதில் இல்லை. ஊர்ச் சீட்டும் இல்லை. கடன் அறிக்கையை மட்டும் வைத்துப் பார்த்தால் நான் இன்னும் கொஞ்சம் கடன் வாங்கலாம், தரவும் வரிசையில் நின்றார்கள்.

வீட்டில் பொய் சொல்வதும் ஒரு வேலையாகிப்போனது. பெரிய பொய் இல்லை. என் மோதிரம் எங்கே என்று கேட்டால் "இறுக்கமாயிடுச்சு, பீரோவில இருக்கு." ராத்திரி போனைக் கவிழ்த்து வைப்பது. தெரியாத எண்ணென்றால் கொல்லைப்பக்கம் போய் எடுப்பது. சம்பளம் விழுந்த அன்றைக்கே வேறு கணக்குக்கு மாற்றி வைத்துவிட்டு, எந்தத் தவணைக்கு எவ்வளவு விடுவது என்று நானே பிரித்துக் கொடுப்பது. அந்த நாட்களில் நான் ரொம்பக் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஒரு ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருந்தபோது மனம் தானாக ஒரு கணக்குப் போட்டது: என் பெயரில் இருக்கும் ஆயுள் காப்பீட்டுத் தொகையிலிருந்து கடனைக் கழித்தால் வீட்டுக்கு எவ்வளவு மிஞ்சும். பதறி எழுந்து உட்கார்ந்தேன். இந்தக் கழித்தல் யார் மனதிலாவது ஓடினால், அன்றைக்கே வாய்விட்டு ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். வீட்டில் சொல்ல முடியாவிட்டால் 14416 என்ற அரசின் மனநல உதவி எண் இருக்கிறது. எந்த நேரமும் எடுப்பார்கள். நான் அப்போது யாரிடமும் சொல்லவில்லை, அது என் மடத்தனம்.

2023 ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும் வாரம். 18ஆம் தேதிக் கார்டுக்கு வழியில்லை. சந்தையில் வார வட்டி விடும் ஒருவரிடம் போனேன். பத்தாயிரம் கேட்டால் கையில் 8,500 தருவார், வாரம் ஆயிரம் வீதம் பத்து வாரம் கட்ட வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். வருடக் கணக்கில் போட்டால் 150 சதவீதத்துக்கு மேல் போகிற வட்டி அது. தமிழ்நாட்டில் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் தடுக்க 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருக்கிறது, அவரும் இருக்கிறார். அவர் நோட்டைப் பிரித்துப் பேனாவைத் திறந்துகொண்டே கேட்டார்: "வெளியில மொத்தம் எவ்வளவு இருக்குதுங்க தம்பி?"

"18ஆம் தேதி ஒரு கார்டு மட்டுந்தானுங்க" என்றேன்.

சொல்லி முடித்ததும் அந்தப் பார்ட்டியின் குரல் என் காதில் கேட்டது. பணம் வாங்காமல் திரும்பிவிட்டேன். மனவுறுதி என்று நினைக்க வேண்டாம், வெட்கம்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகனின் பழைய நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு இருக்கின்றன, ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 முதல் இருக்கிற விதி. ஒன்றை எடுத்தேன். நான் மறந்தே போயிருந்த 'இப்போது வாங்கு, அப்புறம் கட்டு' கணக்கு ஒன்று அதில் இருந்தது, 2,700 ரூபாய். எழுதினேன். வங்கிக் கடன் 3,10,000. இரண்டு கார்டும் சேர்த்து 1,75,000. பைக் 48,000. நகை 2,40,000. சீட்டில் இன்னும் பதினோரு தவணை, 55,000. செயலிக் கடன்கள், அந்த மறந்துபோன கணக்கையும் சேர்த்து, 21,000. மச்சானுக்கு 50,000. கடையில் கூட வேலை செய்பவருக்கு 10,000.

9,09,000.

நாலரை என்று நினைத்திருந்தேன். கூட்டியதில் தப்பு என்று மறுபடி கூட்டினேன், மூன்று தடவை. பதினேழு வருடமாக அடுத்தவன் பேரேட்டில் ஒரு ரூபாய் இடித்தால் ராத்திரி வரை உட்கார்ந்து தேடுகிறவன் நான். மாதம் எவ்வளவு கட்டுகிறேன் என்றும் பக்கத்தில் எழுதினேன்: 35,850. சம்பளம் 42,000. தவணைகள் வருமானத்தில் பாதியைத் தொட்டாலே வங்கிக்காரர்கள் யோசிப்பார்கள். மீதி ஆறாயிரத்துச் சொச்சத்தில் வாடகையே அடங்காது. அப்படியானால் இத்தனை மாதம் நாங்கள் எதைச் சாப்பிட்டோம்? கார்டைச் சாப்பிட்டோம்.

நோட்டைக் கொண்டுபோய் மனைவியிடம் கொடுத்தேன். அவள் தையல் மெஷினை நிறுத்திவிட்டு வரி வரியாகப் படித்தாள். ஒன்பது லட்சத்தில் அவள் விரல் நிற்கவில்லை. மச்சான் பெயரில் நின்றது.

"ஏனுங்க, எங்கண்ணன்கிட்டயுமா வாங்குனீங்க?"

அரை மணி நேரம் அழுதாள், கோபத்தில். வட்டியே இல்லாத அந்த ஐம்பதாயிரத்துக்காக. அப்புறம் எழுந்து போய் அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு அட்டையை எடுத்து வந்து என் முன் வைத்தாள். மகளிர் குழுக் கடன். நாற்பதாயிரம் வாங்கி, இன்னும் 34,000 பாக்கி. நான் வீட்டுச் செலவுக்குக் கொடுப்பது குறைந்ததிலிருந்து அதில்தான் ஓட்டியிருக்கிறாள். அவளிடம் ஒரு நோட்டு, என்னிடம் ஒரு நோட்டு. மொத்தம் 9,43,000. அந்த வீட்டில் யாருக்கும் தெரியாத தொகை.

அதற்குப் பிறகு நடந்தது சுருக்கம். நகையை மீட்டு விற்றுவிடலாம் என்று சொன்னது அவள்தான். நான் ஒரு வாரம் எதிர்த்தேன். அடகு வைத்த நகை இன்னும் நம்முடையது என்று ஒரு நினைப்பு நமக்கு இருக்கிறது. ஏல நோட்டீஸ் வரும் வரை வட்டி கட்டுவோம், விற்க மாட்டோம். ஆடிப்போன குடும்பங்களில் பாதி இந்த நினைப்பில்தான் ஆடிப்போகின்றன என்பது என் அபிப்பிராயம். அப்போது கிராம் 5,500 ரூபாய் அளவில் இருந்தது. கழிவெல்லாம் போக 3,80,000 வந்தது. அடகை அடைத்து மீதியில் பெரிய கார்டையும் செயலிக் கடன்களையும் ஒரே நாளில் முடித்தேன். தங்கம் அதற்குப் பிறகு இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது, அதை வீட்டில் எனக்கு ஞாபகப்படுத்தாத பண்டிகை கிடையாது. இருக்கட்டும். 42 சதவீத வருட வட்டியில் எரிந்துகொண்டிருந்த கார்டை அணைத்ததை யாரும் ஞாபகப்படுத்துவதில்லை.

சின்னக் கார்டின் 65,000-க்கு வங்கியில் போய்ப் பேசினேன். பேசினால் பேசுகிறார்கள், அதுவே எனக்குப் புதுச் செய்தி. முதலில் ஒரு தொகை கட்டி 'செட்டில்' செய்துகொள்ளுங்கள் என்றார்கள். கேட்க இனிப்பாக இருக்கும், ஆனால் முழுதாகக் கட்டாமல் முடித்தவர் என்ற குறிப்பு கடன் அறிக்கையில் ஏழு வருடம் வரை நிற்கும். வேறு வழியே இல்லாதவர்களுக்கு அது சரி. எனக்குச் சம்பளம் இருந்தது. இரண்டு வருடத் தவணையாக, பாதி வட்டியில் மாற்றிக் கேட்டேன். கொடுத்தார்கள். கார்டை நறுக்கியது மகன்.

வசூல் ஆட்களின் போன் எனக்கு அதிகம் வந்ததில்லை. வந்தவர்களைத் தெரியும். காலை 8 மணிக்கு முன்னாலும் மாலை 7 மணிக்குப் பின்னாலும் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் சொல்லியிருக்கிறது, மீறினால் முதலில் கடன் தந்தவர்களிடம் எழுத்தில் புகார், அதற்குப் பலனில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர், உதவி எண் 14448. இதை என் கடையில் வேலை செய்யும் ஒரு பையனுக்கு எழுதிக் கொடுத்தேன். அவன் கேட்ட முதல் கேள்வி, "எத்தனாம் தேதிக்குள்ளண்ணா போன் பண்ணணும்?"

மச்சான் கடனில்தான் எங்களுக்குள் சண்டை. அதிக வட்டியை முதலில் அடைப்பதுதான் கணக்கு, வட்டியில்லாதது கடைசி. நான் நோட்டில் எழுதியே காட்டினேன். "உங்க கணக்கு எனக்கும் தெரியுதுங்க. நான் பொங்கலுக்கு அம்மா வீட்டுக்குப் போகணும்" என்றாள். முதல் மாதத்திலிருந்தே அவருக்கு 2,000 தனியாக எடுத்து வைக்கச் சொன்னாள். கணக்குப்படி தப்பு. வைத்தேன். சாயங்காலங்களில் இரண்டு சின்னக் கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு எழுதப் போகிறேன், அதில் ஒரு ஆறாயிரம் வருகிறது.

அந்தப் பார்ட்டி 2023 ஐப்பசியில் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார். இந்தப் பக்கம் திவால் நோட்டீசுக்கு அதுதான் பெயர், 1920ஆம் வருடச் சட்டம் இன்னும் அதற்கு உயிரோடு இருக்கிறது. முதலாளி முன்பே சரக்கை நிறுத்தியிருந்ததால் எங்களுக்குப் பெரிய நட்டமில்லை. நோட்டீசில் அவர் தர வேண்டியவர்களின் பட்டியல் இரண்டு பக்கம், கடைசியில் மொத்தம் தெளிவாக டைப் அடித்திருந்தது. எங்கள் பெயர் பதினான்காவது. அந்தத் தொகையை வேறு யாரோ அவருக்காகக் கூட்டியிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி காலண்டர் தாளைக் கிழிக்கும்போது, கிழித்த தாளின் பின்பக்கத்தில் மனைவி மொத்தத்தை எழுதி அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைப்பாள். 2025 ஆகஸ்டில் எழுதியது 1,46,200. வங்கிக் கடன் மட்டும்தான். அதற்குக் கீழே கொஞ்சம் பெரிய எழுத்தில்: அண்ணன் முடிஞ்சுது.